மலையேறும் வண்டியும் ஒழுகும் சீலும்: பிரிஞ்சாங்கில் ஒரு பார்வை

பிரிஞ்சாங்கில் பழைய வண்டி வைத்திருப்பவரிடம் கியர்பாக்ஸ் ஒழுகுகிறதா என்று கேட்டால், ‘லேசாத்தான்’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்த ‘லேசா’ எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒரு துளி என்று வையுங்கள். நாளொன்றுக்கு 1,440 துளி. ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 துளி என்றால் நாளுக்கு 50 முதல் 70 மில்லிலிட்டர். முப்பது நாளில் ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை போய்விடும். சிறிய காரின் மேனுவல் கியர்பாக்ஸ் கொள்வதே 2 லிட்டரைச் சுற்றித்தான். எஞ்சினுக்கு இருப்பதுபோல அளவுக் கம்பி இதற்குப் பெரும்பாலும் கிடையாது, எச்சரிக்கை விளக்கும் கிடையாது. ஐந்தாவது கியரில் ஓர் ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கும்போதுதான் வண்டிக்காரர் பட்டறைக்கு வருகிறார். அதற்குள் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கும்.

கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் வெளியே வரும் வாயில், எண்ணெயை உள்ளே நிறுத்திவைக்கும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் என்பது அதுதான். கடையில் மலிவான பொருள். அதை மாற்றும் கூலிதான் கூடுதல். ஒரே வண்டிக்கு ஒரே சீலைத் திரும்பத் திரும்ப மாற்றி, ஒவ்வொரு தடவையும் கூலி கொடுத்து, கடைசியில் ‘இந்த வண்டி அப்படித்தான்’ என்று விட்டுவிடுபவர்கள் இந்த மலையில் நிறையப் பேர். சீல் தானாகக் கெடுவது குறைவு, பெரும்பாலும் வேறொன்று அதைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. அந்த வேறொன்றைத் தேடாமல் சீலை மட்டும் மாற்றினால் செலவு வீண். மலையில் அது உயிராபத்தாகவும் ஆகலாம். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த, மலேசியாவின் இந்தக் கேமரன் மேட்டுநிலத்துக்குத் தாப்பாவிலிருந்து மோட்டார் சாலை வந்தது 1930களின் தொடக்கத்தில். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், அதன் பின் வந்த பாரத் தோட்டமும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்தவை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வழி முழுக்க வளைவு. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் ஏறினால், கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே பிரிஞ்சாங். அதற்கும் மேலே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம், பிறகு 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையுச்சி. அதுவரை வண்டி ஏறும் ஒடுங்கிய பாதை உண்டு. காய்கறித் தோட்டங்களுக்குள் போகும் மண்பாதைகள் இதைவிடச் செங்குத்து.

இந்தப் பாதைகளுக்கென்றே வாய்த்ததுபோல இங்கே குடியேறிய வண்டி லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1958இல் சீரிஸ் 2, 1961இல் 2ஏ, 1971இல் சீரிஸ் 3 என்று மாறி, 1985 வரை ஏறத்தாழ ஒரே எலும்புக்கூட்டோடு வந்த வண்டி அது. அலுமினியக் கலவை உடம்பு என்பதால் மலையின் ஈரத்தில் தகடு துருப்பிடித்து உதிர்வதில்லை. முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு கதவில்லாமல், சில சமயம் கூரையும் இல்லாமல், இன்றும் அவை ஓடுகின்றன. மேற்கு வங்கத்தின் மானேபஞ்ஜாங்கிலிருந்து சந்தக்ஃபூ மலைக்கு ஏறும் பழைய லேண்ட் ரோவர்களைத் தவிர்த்தால், இவ்வளவு வயதான வண்டிகள் இவ்வளவு கடுமையான வேலையை அன்றாடம் செய்யும் இடம் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. இவற்றோடு சேர்ந்து ஓடுபவை 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த கஞ்சிலும். இன்னும் எத்தனையோ தோட்டக் குடும்பங்களுக்கு இந்தக் கார்கள்தான் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் துணை.

சீலின் உள்ளமைப்பு எளிது. வெளியே ஓர் எஃகு வளையம், அதன்மேல் ஒட்டவைத்த ரப்பர், ரப்பரின் உள்விளிம்பில் மெல்லிய உதடு. அந்த உதட்டை ஷாஃப்ட்டோடு அணைத்துப் பிடிக்க, முதுகுப்பக்கம் ஒரு சின்னச் சுருள் ஸ்பிரிங். வெளிப்பக்கம் தூசியைத் தடுக்க இன்னோர் உதடு. ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில், தோல் பதனிடும் தொழிலில் இருந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனத்தில் வால்ட்டர் சிம்மர் என்பவர் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய வடிவம் இது. முதலில் தோலால் செய்தார்கள், பிறகு செயற்கை ரப்பர் வந்தது. உதடு ஷாஃப்ட்டை நேரடியாக உரசிக்கொண்டு இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. அந்தப் படலம் அறவே இல்லாவிட்டால் உதடு காய்ந்து கருகும். தடித்துவிட்டால் ஒழுகும். ஆகவே ஷாஃப்ட்டின் மேற்பரப்பு வழவழப்பாகவும் வட்டமாகவும் நடுவிலும் இருக்க வேண்டும்.

வேகம்தான் சீலைத் தேய்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டிரைவ் ஷாஃப்ட்டைப் பொறுத்தவரை அது சரியில்லை. சிறிய கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்றை ஒட்டித்தான் சுற்றுகிறது. ஷாஃப்ட்டும் அதே கணக்குத்தான். அதே நேரம் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் இதைப்போல நான்கு ஐந்து மடங்கு வேகத்தில் சுற்றுகிறது, அதன் சீல் ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. ஆகவே டிரைவ் ஷாஃப்ட் சீல் சீக்கிரம் போனால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

நான் முதலில் சந்தேகப்படுவது பிரீதரை. கியர்பாக்ஸின் தலையிலும், லேண்ட் ரோவரில் அச்சுகளின் மேலும், உள்ளே இருக்கும் காற்று வெளியேறவும் வெளிக்காற்று நுழையவும் ஒரு சிறு துளை இருக்கும். சேறு பூசி அது அடைபட்டால் என்ன ஆகும்? தாப்பாவில் 30 டிகிரி வெப்பத்தில் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். மலையேறும்போது எண்ணெய் சூடாகி 80 டிகிரிக்குப் போனால், அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 118 ஆகிறது. பிரிஞ்சாங்கில் வெளிக்காற்றின் அழுத்தமோ 85ஐ ஒட்டித்தான். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு 33 கிலோபாஸ்கல், கடல்மட்டத்து வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு! அழுத்தமே இல்லாத இடத்துக்கென்று செய்த சாதாரண சீல் தாங்கக்கூடிய எல்லைக்கு அது வந்துவிடுகிறது. புத்தம்புதிய ஒரிஜினல் சீலாக இருந்தாலும் உதடு விரிந்து எண்ணெயைக் கக்கும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு வெப்பத்தால் வரும் பாதி அழுத்தம் மட்டும்தான். மற்றப் பாதியைச் சேர்ப்பது இந்த மலையின் உயரம். கோலாலம்பூர் பட்டறையில் மாற்றிய சீல் பிரிஞ்சாங் வந்ததும் ஒழுகுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். சூடான அச்சோடு ஓடைக்குள் இறங்கினால், குளிர்ந்த நீர் பட்டு உள்ளே காற்று சுருங்குகிறது. பிரீதர் திறந்திருந்தால் அதன் வழியே காற்று வந்துவிடும். அடைத்திருந்தால் சீலின் உதட்டை ஒதுக்கிக்கொண்டு தண்ணீரும் சேறும் நுழையும். வடித்துப் பார்த்தால் எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைக் கண்டால் சீலை மட்டும் மாற்றி அனுப்புவது தவறு. பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஷாஃப்ட்டில் விழுந்த வரி. செம்மண்ணும் கோழி உரமும் கலந்த தோட்டத்துச் சேறு, கசியும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அரம்போல அறுக்கும். கழற்றிய ஷாஃப்ட்டைத் துணியால் துடைத்து, சீல் உட்காரும் இடத்தின்மேல் விரல்நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. நகம் ஓரிடத்தில் தட்டி நின்றால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. எந்தப் புதுச் சீலும் அந்தப் பள்ளத்தில் எண்ணெயை நிறுத்தாது. இதற்கு மூன்று வழி உண்டு. மெல்லிய எஃகு உறையொன்றை ஷாஃப்ட்டின்மேல் ஏற்றலாம். சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாகத் தள்ளி அடித்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். இல்லையென்றால் ஷாஃப்ட்டையே மாற்றலாம். இரண்டாவது வழி எளிது, செலவில்லாதது. சீல் உட்காரும் குழியில் ஆழம் இருந்தால் நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

மூன்றாவது, ஆட்டம். இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் டிஃபரன்ஷியலின் பேரிங் தேய்ந்தாலும், ஷாஃப்ட் உட்காரும் இடம் தளர்ந்தாலும், எஞ்சின் மவுண்டிங் கிழிந்து கியர்பாக்ஸ் முழுவதும் ஆடினாலும் ஷாஃப்ட் நடுவை விட்டு விலகும். தாப்பா சாலையின் ஒவ்வொரு வளைவிலும் ஷாஃப்ட்டின் கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டு, அதாவது உள்மூட்டு, சற்றே உள்ளே போய் வெளியே வருகிறது. ஆட்டம் இருந்தால் அந்த ஒவ்வொரு அசைவும் உதட்டை ஒரு பக்கமாக அழுத்தும். ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பதற்கு நேரம் ஆகாது, ஆனாலும் அவசரத்தில் விட்டுப்போவது இந்தச் சோதனைதான். மற்றக் காரணங்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அளவுக்கு மீறி ஊற்றிய எண்ணெய், வயதாகி இறுகிய ரப்பர், கார் கழுவும் கடையில் சீலுக்கு நேராகப் பிடித்த அழுத்தத் தண்ணீர்.

ஒழுகுவது எது என்று உறுதிசெய்யாமல் வேலையைத் தொடங்கக்கூடாது. சக்கரத்தின் உட்பக்கம் கெட்டியான கறுப்புப் பசை வட்டமாகத் தெறித்திருந்தால் அது ஷாஃப்ட் மூட்டின் ரப்பர் உறையான பூட் கிழிந்ததால் வந்த கிரீஸ், சீலுக்கு அதில் சம்பந்தமில்லை. எஞ்சின் ஆயில் காற்றில் பின்னோக்கிப் பறந்து கியர்பாக்ஸில் படிந்திருக்கவும் கூடும். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு, விரலில் தொட்டு முகர்ந்தால் தெரிந்துவிடும். அடிப்பாகத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு தடவை கீழே உள்ள ரிங்லெட் ஊர் வரை இறங்கி ஏறிவிட்டுப் பார்த்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணாலேயே காணலாம்.

லேண்ட் ரோவரில் இந்த ஒழுக்கு வேறு கனம் பெறுகிறது. சீரிஸ் வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்வாயிலில், பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில், ஒரு டிரம்முக்குள் இருக்கிறது. அந்த வாயிலின் சீல் ஒழுகினால் எண்ணெய் போகும் இடம் அந்த டிரம்தான். வடிவமைத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கசியும் எண்ணெயைப் பிடித்து வெளியே விட ஒரு தகடும் வடிகால் துளையும் வைத்திருக்கிறார்கள். தோட்டத்துச் சேற்றில் அந்தத் துளை அடைந்துபோனால் பிரேக் கட்டை எண்ணெயில் ஊறும். சமதரையில் தெரியாது. சுங்கை பாலாஸ் போகும் ஏற்றத்தில் மூட்டையோடு நிறுத்திவிட்டு இறங்கும்போதுதான் தெரியும். இந்த ஊரில் வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கீழே பெரும்பாலும் யாராவது இருப்பார்கள், கொழுந்து பறிப்பவர்களோ பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளோ. ஆகவே சீரிஸ் லேண்ட் ரோவரின் பின்வாயில் சீல் கசிந்தால் ‘லேசாத்தான்’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். அது பிரேக் கோளாறு. அன்றே பார்க்க வேண்டும்.

எண்ணெயில் ஊறிய கட்டையைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டித் திரும்பப் பூட்டும் வழக்கம் இருக்கிறது. அது நிற்காது. சூடேறும்போது உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். கட்டையை மாற்றியே ஆக வேண்டும். பழைய கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால் டிரம்மைத் திறந்ததும் காற்றுக்குழாயால் தூசியை ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நுரையீரலுக்குப் போன ஆஸ்பெஸ்டாஸ் இழை பல ஆண்டு கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

இதே வண்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு ஒன்றும் உண்டு. கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கும் நடுவே உள்ள சீல் தேய்ந்தால் எண்ணெய் தரைக்கு வராது, ஒன்றிலிருந்து மற்றதற்கு இடம் மாறும். கியர்பாக்ஸ் கொள்வது 1.5 லிட்டர், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் கொள்வது 2.5 லிட்டர். இரண்டுக்கும் தனித்தனி அளவு மூடி உண்டு. ஒன்றைத் திறந்ததும் எண்ணெய் பொங்கி வழிந்தால் மற்றதையும் உடனே பார்ப்பது நல்லது. அங்கே குறைந்திருக்கும்.

மலையில் இந்த வேலைக்கு முதல் எதிரி சாய்வு. பிரிஞ்சாங்கில் சமதரை கிடைப்பதே அரிது. ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை என்பதால், நான்கு சக்கர இயக்கம் போடாத நிலையில் பின் ஷாஃப்ட்டைக் கழற்றிய கணமே வண்டியைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அதற்கு முன்பே, ஜாக்கியால் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் போதும். டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுழலவிட்டு, தரையில் உள்ள மற்றச் சக்கரத்தை எதிர்ப்பக்கம் உருளவிடும். இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் வண்டியின் அடியில் யாரும் படுக்கக்கூடாது. செங்கல் நொறுங்கும், கனத்த மரக்கட்டைதான் வேண்டும்.

முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் வேலை இப்படிப் போகும். எண்ணெயை வடிக்கும் முன் நிரப்பும் மூடி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடித்த பிறகு அது திறக்காவிட்டால் கார் பட்டறையிலேயே நிற்கும். சக்கரத்தையும் ஹப்பின் நடு நட்டையும் கழற்றி, கீழ்க்கையின் பந்துமூட்டைப் பிரித்து, ஹப்பை வெளியே சாய்த்தால் ஷாஃப்ட்டின் வெளிமுனை விடுபடும். உள்முனையை ஒரு சிறு வளைய கிளிப் பிடித்திருக்கும். அந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் தவறுகிறார்கள். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இழுத்தால் உள்மூட்டு பிரிந்து உருளைகள் கிரீஸோடு பூட்டுக்குள் விழும். மூட்டின் முதுகுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டயர் லீவரை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் கிளிப் விடும். கியர்பாக்ஸை இறக்காமல் சீலை மட்டும் மாற்றும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் உருவக்கூடாது. சில கியர்பாக்ஸ்களில் உள்ளே பற்சக்கரம் இடம் நழுவிவிடும், பிறகு கியர்பாக்ஸையே இறக்க நேரும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவதே நல்லது.

பழைய சீலை நெம்பி எடுக்கும்போது குழியின் அலுமினியச் சுவரில் கீறல் விழுந்தால், இனி எண்ணெய் சீலின் வெளிப்புறமாகவே கசியும். உதட்டைக் காப்பாற்றும் கவனத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். புதுச் சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ், வெளிவிளிம்பில் துளி எண்ணெய். பிறகு அதே வெளிவிட்டமுள்ள குழாய்த் துண்டையோ பெரிய சாக்கெட்டையோ வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். சுத்தியலால் நேரடியாக ஒரு மூலையில் அடித்தால் எஃகு வளையம் கோணும், ஸ்பிரிங் குதித்து வெளியேறும். ஷாஃப்ட்டைத் திரும்பச் செருகும்போது அதன் முனைப் பற்கள் உதட்டில் படாமல், கையால் கனத்தைத் தாங்கி நேராக நுழைக்க வேண்டும். அந்தக் கடைசி நொடியில் உதடு கிழிந்தால் காலையிலிருந்து செய்த வேலை எல்லாம் வீண். கிளிப்பும் புதிதாக இருக்கட்டும்.

எந்தச் சீலை வாங்குவது? சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். அளவு ஒத்துப்போனாலும் அத்தோடு முடிந்துவிடாது. சில சீல்களின் உதட்டில் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் சாய்வரிகள் இருக்கும். அவை ஒரு திசைச் சுழற்சிக்கு மட்டுமே. இடமும் வலமும் மாறிப்போனால் அதே வரிகள் எண்ணெயை வெளியே தள்ளும். முகத்தில் உள்ள அம்புக்குறியைப் பார்க்க வேண்டும். ஜப்பானிய என்ஓகே போன்ற பெயருள்ள சீலுக்கும் பெயரில்லாத மலிவுச் சீலுக்கும் விலை வேறுபாடு ஒருநாள் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. வெளிநாட்டுப் பழைய வண்டிகளை வெட்டி விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து வந்த கியர்பாக்ஸை மாட்டுபவர்கள், அது வெளியே இருக்கும்போதே எல்லாச் சீலையும் மாற்றிவிடட்டும். கப்பலிலும் கிடங்கிலும் நெடுநாள் காய்ந்த ரப்பர் அது. ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று புட்டியில் விற்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச நாள் கசிவைக் குறைக்கும். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டுக்கோ அடைத்த பிரீதருக்கோ அதனால் எதுவும் செய்ய முடியாது.

நிரப்பும் எண்ணெய் வண்டிக்குச் சொன்ன வகையாகவே இருக்க வேண்டும். சீரிஸ் லேண்ட் ரோவருக்கு 90 கனமுள்ள கியர் ஆயில். சிறிய கார்கள் பலவற்றுக்கு அதைவிட மெல்லியது. ஜிஎல்-5 தரம் எண்ணில் கூடியது என்பதால் மேலானது என்று நினைத்து ஊற்றுகிறார்கள். அதில் கந்தகக் கலவை அதிகம், பித்தளை சிங்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4தான்.

வடித்த பழைய எண்ணெய் எங்கே போகிறது என்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி. பிரிஞ்சாங்கின் சாக்கடை நீர் பெர்தாம் ஆற்றுப் பக்கம் இறங்கி, 1963இல் கட்டிய ரிங்லெட் அணையின் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. வழியில் அதே நீரை எடுத்துப் பாய்ச்சும் தோட்டங்கள் உண்டு. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி பயன்படுத்திய மசகெண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று தனிக் குறியீடே இருக்கிறது. உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். வீட்டு வாசலில் தானே சீல் மாற்றிக்கொள்பவர் அதை ஒரு தகரத்தில் பிடித்துப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். மண்பாதையில் புழுதி அடங்க அதைத் தெளிக்கும் பழக்கம் அடியோடு நிற்க வேண்டும். அந்தப் பாதைக்குக் கீழேதான் கீரைப் பாத்தி.

வேலை முடிந்ததும் அளவு மூடியின் விளிம்புவரை எண்ணெய் நிற்கிறதா, பிரீதர் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சூடேறும்வரை ஓட்டி, இரவு முழுவதும் ஓர் அட்டையின்மேல் நிறுத்தி வைத்துக் காலையில் பார்ப்பது பழைய போமன்களின், அதாவது மெக்கானிக்குகளின், வழக்கம். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே ஏற்றத்திலும் இறக்கத்திலும் கிளட்ச் சீக்கிரம் தேய்கிறது. அதை மாற்ற முன்சக்கரக் காரின் கியர்பாக்ஸை எப்படியும் இறக்கியாக வேண்டும். அன்றைக்கு இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் ஏற்கெனவே கழன்றிருக்கும், சீல் கண்ணெதிரே இருக்கும், கூடுதல் கூலி ஏறக்குறைய இல்லை. கிளட்சுக்கு விலை பேசும்போதே இரண்டு சீலையும், இரண்டு கிளிப்பையும், பிரீதரைச் சுத்தம் செய்வதையும் அந்தக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.